கடுகு வெடித்த இங்கிலீஷ் ரெக்கார்டுகள்

பழைய ராக், பாப் ஆல்பங்களில் எனக்குப் பிடித்தவற்றைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள், கறுப்பு ரெக்கார்டுகளைத் தேடித்தேடிச் சேர்க்கிற ஒரு கூட்டத்தார். வருஷத்துக்கு ஒரு மலர் போடுவார்களாம். போன மலரில் ஒரு கண் டாக்டர் எழுதியிருக்கிறார், ஒரு வக்கீல் எழுதியிருக்கிறார். இந்தத் தடவை வியாசர்பாடி கன்னியம்மா. நான் மூன்றாம் வகுப்பு வரை போனவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். அவசரம் என்றால் கண் டாக்டரையே இன்னொரு முறை எழுதச் சொல்லிக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தார் எல்லாரும் சேர்ந்து கேட்ட இங்கிலீஷ் பாட்டைவிட நான் ஒருத்தி கேட்டது அதிகம். திருவொற்றியூரைத் தாண்டி, எண்ணூர் போகிற ரயில் பாதை ஓரம் ஒரு ரெக்கார்டு கம்பெனி இருந்தது. அதில் கேட்கிற ரூமில் எனக்கு வேலை. காலையில் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை கேட்க வேண்டும். அதற்குச் சம்பளம், போனஸ், தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பெட்டி. அந்தப் பாட்டெல்லாம் எனக்குப் பிடித்திருக்கிறதா என்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை. கம்பெனி மூடி, இடத்தில் லாரி ஷெட் வந்து, எனக்கும் முட்டி தேய்ந்த பிறகு இப்போது கேட்கிறார்கள்.

கேட்க வந்த பெண்ணின் பெயர் ஷாலினி. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஒரு கையில் பெட்டி போல மடிகிற பிளேயர், இன்னொரு கையில் பை நிறைய ரெக்கார்டு. எங்கள் ஹவுசிங் போர்டு மாடி ஏறி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஆன்ட்டி" என்று கூப்பிட்டாள். பாட்டி என்றிருந்தால் அதே படியில் இறக்கி அனுப்பியிருப்பேன்.

"உங்க ஃபேவரைட் ஆல்பம் எது ஆன்ட்டி?"

"கொடிச்சட்டை."

"அப்படி ஒரு பேரே இல்லையே."

"இன்னா இல்ல? உன் பையிலேயே கீது. எடு வெளிய."

உறையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று எங்களில் யாருக்குத் தெரியும்? படத்தை வைத்துத்தான் பேர். துணி காயப்போடுகிற கொடியில் சட்டைகள் தொங்கினால் அது கொடிச்சட்டை. நாற்காலியில் சேவல் உட்கார்ந்திருந்தால் அது சேவல். கரி போடுகிற இஸ்திரிப் பெட்டி ஒன்று கடற்கரை மணலில் கிடந்தால் அது இஸ்திரி. பாடினவன் யார், எந்த ஊர்க்காரன், உயிரோடு இருக்கிறானா என்பதெல்லாம் எங்களுக்கு வேண்டாத கதை. ஷாலினி மூன்றையும் எடுத்துக் கட்டிலில் பரப்பினாள். மூன்றும் எங்கள் கம்பெனிச் சரக்கு.

சேவலைப் போட்டாள். நான் டீ போட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து கேட்டேன். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பையன் அழுகிற மாதிரி பாடுகிறான், பின்னால் ஒருத்தன் கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவன் மாதிரி அடித்துத் தள்ளுகிறான். இவ்வளவு வருஷத்தில் அன்றைக்குத்தான் அது பாட்டு என்று தெரிந்தது. அதற்குள் 'சொய்ங்' என்று ஒரு இரைச்சல் வந்தது. நான் முகத்தைச் சுளித்தேன். ஷாலினி கண்ணை மூடிக்கொண்டாள்.

"கேளுங்க ஆன்ட்டி. இதுதான் மெட்ராஸ் பிரஸ்ஸிங்கோட வெதுவெதுப்பு. ஃபாரின்ல இருக்கிறவங்ககூட இதுக்காகவே தேடி வாங்குறாங்க. இதை எப்படிக் கொண்டு வந்தீங்க?"

எப்படிக் கொண்டு வந்தோம் என்று சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு ரெஜினாக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போன வருஷம் ராயபுரத்தில் அவள் போய்ச் சேர்ந்தாள். அவள் வேலையை இனிமேல் யாரும் பிடுங்க முடியாது. அதனால் சொல்லலாம்.

முதலில் வேலை என்னவென்று தெரிய வேண்டும். கறுப்பு மாவு மாதிரி ஒரு சரக்கைச் சூடாக்கி உருண்டையாக எடுப்பார்கள். மேலே ஒரு அச்சு, கீழே ஒரு அச்சு, நடுவில் உருண்டை. பிரஸ் இறங்கும், நீராவி சீறும், பிறகு தண்ணீர் ஓடி ஆறும். எடுத்தால் ரெக்கார்டு. ஓரத்தில் பிதுங்கினதை வெட்டுவார்கள். அடுக்கடுக்காகக் கட்டி வைப்பார்கள். ஒவ்வொரு கட்டிலும் ஒன்றை உருவி எங்களிடம் அனுப்புவார்கள். நாங்கள் சரி என்றால் கட்டு வெளியே போகும். இல்லை என்றால் முழுக் கட்டும் உடைபட்டுத் திரும்ப மாவாகும். பிரஸ் ஷாப் ஆம்பளைகள் எங்களைப் பார்த்து ஏன் பல்லைக் கடித்தார்கள் என்று இப்போது புரியும்.

நான் சேர்ந்தபோது எனக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தது ஒரு வாரம்கூட இருக்காது. ரெக்கார்டை விளிம்பில் பிடி, ட்யூப் லைட்டுக்குக் கீழே சாய், வெள்ளைத் திட்டு இருக்கிறதா பார், ஊசியை வை, கேள். அவ்வளவுதான். குற்றங்களுக்குக் கம்பெனி வைத்த இங்கிலீஷ் பேர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. நாங்களே வைத்துக்கொண்டோம். படபடவென்று வெடித்தால் கடுகு. தொடர்ந்து இரைந்தால் சோடா. ரெக்கார்டு வளைந்திருந்தால் அப்பளம். ஓட்டை நடுவில் விழாமல் பாட்டு இழுத்து இழுத்துப் போனால் தள்ளாட்டம். கொஞ்ச நாளில் மேனேஜரே "என்ன, இன்னிக்குக் கடுகு அதிகமா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

ரூமில் பிளைவுட் அடித்து நான்கு தடுப்பு. தடுப்புக்கு ஒருத்தி. நான், ரெஜினாக்கா, சரோஜா, மும்தாஜ். ஆளுக்கொரு பிளேயர், மேஜையில் மரப்பெட்டி ஸ்பீக்கர், ஒரு சிலேட்டு, சாக்பீஸ். சரி என்றால் வட்டம், இல்லை என்றால் பெருக்கல் குறி. அது போதும், அதற்கு மேல் எழுத்து தேவையில்லை என்பதால்தான் எனக்கு அந்த வேலையே கிடைத்தது.

எங்களுக்கு மேலே தாமோதரன் சார். ஒல்லியான மனுஷன், அரைக்கை வெள்ளைச் சட்டை. கேட்கிற ரூமுக்குள் வரும்போது செருப்பை வெளியே விட்டுவிட்டு வருவார், கோயிலுக்கு வருகிற மாதிரி. ஒரே ஒரு நாளைத் தவிர, குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. ரெக்கார்டை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் நிறுத்தி, குழந்தை முகத்தில் ஊதுகிற மாதிரி மெல்ல ஊதுவார். நாங்கள் ஒரு குற்றத்தை விட்டுவிட்டால் திட்டமாட்டார். அதை நம் முன்னால் வைத்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்: "இதை நீ உன் வீட்டுக்கு வாங்கிட்டுப் போவியாம்மா?" திட்டே பரவாயில்லை என்று தோன்றும். ரெஜினாக்கா மட்டும் ஒருமுறை பதில் சொல்லிவிட்டாள்: "எங்கூட்ல பிளேயரே இல்ல சார். வாங்கினு போயி தோசையா வாக்கறது?" அவர் சிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு இரண்டு தடவை தண்ணீர் குடிக்க வெளியே போனார்.

இங்கிலீஷ் பாட்டு அவருக்கு ஆகாது. கேட்க வேண்டி வந்தால் கஷாயம் குடிக்கிற மாதிரி கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்.

ரெஜினாக்கா எங்கள் ரூமுக்கு வருவதற்கு முன்னால் பிரஸ் ஷாப்பில் ஓரம் வெட்டினவள். அவள் உட்கார்ந்த இடத்துக்கு நேர் மேலே நீராவி வால்வு. அது நாளெல்லாம் அவள் காதுக்குள் சீறிக்கொண்டிருந்தது. வருஷக்கணக்காக ஒரு நாள் லீவு போடாமல் உழைத்தாள் என்று மெச்சி, உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்துக் கொடுத்தார்கள். அதுதான் கேட்கிற வேலை. காதை எடுத்துக்கொண்டு, காதால் செய்கிற வேலைக்குப் பதவி உயர்வு கொடுத்த கம்பெனி எங்களுடையது.

யாருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? பிரஸ் ஷாப்பில் அந்தச் சத்தத்தில் எல்லாருமே உதட்டைப் பார்த்துத்தான் பேசுவார்கள். முகத்துக்கு நேரே நின்றால் ரெஜினாக்காவுக்கு நீங்கள் முணுமுணுத்தாலும் புரியும். முதுகுக்குப் பின்னால் குண்டு போட்டாலும் புரியாது.

எனக்குத் தெரிந்தது ஒரு பக்திப் பாட்டு ரெக்கார்டில். அவள் வட்டம் போட்டு வைத்திருந்தாள். நான் தற்செயலாக அதைப் போட்டேன். சாமி பேரைச் சொல்லும்போதெல்லாம் டப், டப் என்று வெடிக்கிறது. டீ குடிக்கப் போன இடத்தில் கேட்டேன்.

"இன்னாக்கா, முருகனே வேல எடுத்து நம்மள குத்தற மாதிரி வெடிக்குது. நீ சரின்னு போட்டுகீற?"

அவள் என் உதட்டையே பார்த்தாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எனக்கு மெல்லிசு சத்தம் கேக்கறதில்ல கன்னிம்மா. போன மழைக்கு முன்னாடிலேர்ந்தே. வெளிய வுட்டுடாத. அந்த மனுசனுக்கு இடுப்பு போச்சு. வூட்ல ரெண்டு பொண்ணுங்க கீதுங்க. இங்கேர்ந்து அனுப்பிட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

அவள் புருஷன் சேவியர் ஹார்பரில் மூட்டை தூக்கினவர். வலையோடு மூட்டை சரிந்து இடுப்பில் விழுந்ததிலிருந்து படுக்கை. அந்த வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான் சம்பளம். கேட்கிற ரூமில் காது போனவளை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்?

"அப்போ இத்தினி நாளா எப்டி வேல பாத்த?" என்றேன்.

உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள். ஸ்பீக்கர் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்தாள். "பெருசா வெடிச்சா கையில எறும்பு கடிக்கிற மாதிரி தெரியும். தமிழ்ப் பாட்டுதான் பேஜாரு. வயலின் இழுத்துகினே கீறான், ஒன்னும் பிரியமாட்டுது. இங்கிலீஷ்னா சோக்கா தெரியும். அவன் டமாரத்த ஒழுங்கா ஒரே மாதிரி அடிக்கறான். எங்கப்பாரு வல முடியற மாதிரி. நடுவுல எது வந்தாலும் தட்டும்."

மறுநாள் தாமோதரன் சாரிடம் போய் நின்றேன். இங்கிலீஷ் ரெக்கார்டு என்றால் சரோஜாவும் மும்தாஜும் தலைவலித் தைலத்தோடுதான் உட்காருவார்கள். அதனால் சார் அதைத் தண்டனை மாதிரி எங்கள் நான்கு பேருக்கும் முறை போட்டுக் கொடுத்து வந்தார்.

"சார், எனக்கும் ரெஜினாக்காவுக்கும் இங்கிலீஷையே குடுத்துடுங்க."

"உனக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"தெரியாது சார். அதான் கேக்கறேன். தமிழ்னா பாட்டு உள்ள பூந்துடுது. அம்மா பாட்டுக்கு அழுவாச்சி வருது. அழுதுகினே குத்தம் கண்டுபுடிக்க முடியல. இங்கிலீஷ்ல அவன் செத்தாலும் எனக்குத் தெரியாது. சத்தம் மட்டும்தான் கேக்கும்."

"நாளையிலேர்ந்து எடுத்துக்குங்க" என்றார். இப்படித்தான் வியாசர்பாடிக்காரி ஒருத்தியும் ராயபுரத்துக்காரி ஒருத்தியும் கம்பெனியின் இங்கிலீஷ் இலாகா ஆனோம். நான் சொன்னது சாக்குக்காகச் சொன்னது. ஆனால் அது உண்மையாகவும் இருந்தது.

கொடிச்சட்டை, சேவல் எல்லாம் அந்த நல்ல நாட்களில் வந்தவை. பிறகு இஸ்திரி வந்தது.

புது ஆல்பத்துக்கு ஒரு சட்டம் உண்டு. முதல் கட்டு இறங்கியதும் நான்கு பேரும் கேட்க வேண்டும். ஒருத்தி போட்ட குறி இன்னொருத்திக்குத் தெரியக் கூடாது. சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். தாமோதரன் சார் வந்து ஒவ்வொன்றாகத் திருப்புவார்.

இஸ்திரியில் ஊசியை வைத்தேன். பாட்டே இல்லை. வெறும் கடுகு. தாளிப்புக் கரண்டியை அடுப்பில் வைத்துவிட்டுப் போய்விட்ட மாதிரி வெடிக்கிறது. அதற்குப் பிறகுதான் எங்கேயோ தூரத்திலிருந்து ஒருத்தன் பாடிக்கொண்டு வருகிறான். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மறுபடியும் கடுகு. இவ்வளவு மோசமான சரக்கை அதுவரை பார்த்ததில்லை. பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன். சாக்பீஸே உடைந்தது.

சார் வந்து திருப்பினார். நான், பெருக்கல். சரோஜா, பெருக்கல். மும்தாஜ், பெருக்கல். ரெஜினாக்கா, அழகான வட்டம்.

கடுகு மெல்லிசு சத்தம். அது கையில் தட்டாது.

அவர் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றார். "எல்லாருக்கும் கேக்குற கடுகு உனக்கு மட்டும் ஏன்மா கேக்கல?"

ரெஜினாக்கா மீன் விற்கிற வம்சம். விலை கேட்டால் முழிக்காது அந்த வம்சம். "கேட்டுச்சு சார். அது அச்சுல கீற குத்தம் இல்ல. அவனே போட்ட சத்தம்."

"எவன்?"

"பாடறானே, அவன்."

"அவன் வந்து உன்கிட்ட சொன்னானா?"

"வேற யார்கிட்ட சொல்றான்? காலைலேர்ந்து என் முன்னாடிதானே கத்திகினு கீறான்."

வாயில் வந்ததைச் சொன்னாள். சரோஜா சிரித்தாள். சார் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "கன்னியம்மா, நீ இன்னொரு தடவை கேளு. கடுகு இருக்கா, இல்லையா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் இரண்டுக்கு இரண்டு ஆகியிருக்கும். ரெஜினாக்கா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஊசியை வைத்தேன். வெடித்தது. என் காதில் இருக்கிறதை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கீது சார்" என்றேன். இன்றைக்கு யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். இருந்தது.

அவர் தீர்ப்பு சொன்னார். பம்பாயிலிருந்து புது அச்சு வரவழைப்பது. புது அச்சில் கடுகு இல்லாவிட்டால் குற்றம் நம் பக்கம். அப்படியானால் ரெஜினா கம்பெனி டாக்டரிடம் போய்க் காதைக் காட்டிவிட்டு வர வேண்டும். மெதுவாகத்தான் சொன்னார். மிரட்டுகிற குரலில் சொல்லியிருந்தால்கூடக் கோபப்பட்டிருக்கலாம்.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து சீட்டு. டோல்கேட் வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளிடம் பேச வேண்டுமென்றால் அவள் திரும்ப வேண்டும். திரும்பாமல் இருப்பது அவளுக்குக் கதவைச் சாத்திக்கொள்கிற மாதிரி. நான் மாறி ஏற வேண்டிய இடம் வந்ததும் தோளைத் தட்டினேன்.

"அக்கா, கோவமா?"

"எதுக்குக் கோவம்? நீ கேட்டத நீ சொன்ன. நான் கேட்டத நான் சொன்னேன்." பிறகு சொன்னாள்: "டாக்டரு மூஞ்சிய மூடிகினு பேசுவாரா, தெறந்துகினு பேசுவாரா?"

புது அச்சு வந்தது. பிரஸ் போட்டார்கள். கேட்டோம். அதே கடுகு, அதே இடம். பிரஸ் ஷாப் ஆம்பளைகள் வாசலில் வந்து நின்றுகொண்டு ஆடினார்கள். "எங்க கைல அழுக்குன்னீங்களே, இப்போ இன்னா சொல்றீங்க? உங்க காதுலதான் கடுகு வெளையுது!" தாமோதரன் சார் அசரவில்லை. பம்பாயில் அச்சு செய்கிறபோதே கெட்டிருக்கலாம் என்றார். ரெஜினாவை அனுப்பச் சொல்லி டாக்டருக்கு எழுதி வைத்த சீட்டு அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. மெல்லிசு துணி என்பதால் வெளியே தெரியும். ரெஜினாக்கா அவர் முகத்தைப் பார்க்காமல் பையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

கடைசியில் பம்பாய் ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். தடித்த மனுஷர், பூப்போட்ட சட்டை. கையோடு பாட்டின் டேப்பைக் கொண்டு வந்திருந்தார். டேப்பில் ஊசி கிடையாது, அச்சு கிடையாது, மாவு கிடையாது. அதை ஓட விட்டார். எல்லாரும் கூடி நின்றோம். பிரஸ் ஷாப் ஆட்கள்கூட நீராவியை நிறுத்திவிட்டு வந்தார்கள்.

டேப்பில் கடுகு வெடித்தது.

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். பழைய தேய்ந்த ரெக்கார்டு ஓடுகிற மாதிரி இருக்கட்டும் என்று அந்தப் பாட்டுக்காரப் பையன்கள் வேண்டுமென்றே அந்தச் சத்தத்தைப் பிடித்துச் சேர்த்திருக்கிறார்களாம். அதுதான் அந்த ஆல்பத்தின் அழகாம். ஊரெல்லாம் அதற்குத்தான் பேச்சாம்.

தாமோதரன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல ரெக்கார்டுல கெட்ட ரெக்கார்டு சத்தத்தை எதுக்கு சார் வைக்கணும்?"

"அதான் ஆர்ட்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே சும்மா போட்டுக் குடுத்திருப்போமே" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே நகைச்சுவை அதுதான். அது நகைச்சுவை என்று அவருக்குத் தெரிந்ததா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்.

அதிகாரி கேட்டார், "இங்கே ஒருத்தர் மட்டும் இது பாட்டுக்காரன் போட்ட சத்தம்னு கண்டுபிடிச்சாங்களாமே, யார் அது?" எல்லாரும் ரெஜினாக்காவைக் காட்டினார்கள். அவள் பின்னால் நின்றிருந்தாள். ஒன்றும் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நான் உதட்டை அசைத்துச் சொன்னேன்: "நீ கெலிச்சிட்டக்கா."

"எதுல?" என்றாள்.

அந்த ஆயுத பூஜைக்குக் கம்பெனியின் சிறந்த காது என்று அவளுக்கு மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். மணிக்கு மணி பாட்டுப் பாடி அடிக்கிற கடிகாரம். ராத்திரியெல்லாம் அது கத்துகிறது என்று சேவியர் அண்ணன் படுத்த இடத்திலிருந்து சாபம் விடுவாராம். ரெஜினாக்காவுக்கு நல்ல தூக்கம். நிஜமாகக் கடுகைக் கேட்ட எங்கள் மூவருக்கும் ஆளுக்கொரு டிபன் டப்பா. சரியாகக் கேட்டவர்களுக்கு ஆறுதல் பரிசு கொடுத்த ஒரே கம்பெனி எங்களுடையதாகத்தான் இருக்கும். எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். அந்த டப்பாவின் மூடி முதல் நாளே சேரவில்லை.

அதற்குப் பிறகு இங்கிலீஷ் ரெக்கார்டு எதுவானாலும் கடைசி வார்த்தை ரெஜினாவுடையது என்று ஆகிவிட்டது. ஆபத்து போய் இன்னும் பெரிய ஆபத்து வந்தது. நானும் அவளும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். இரண்டு தடுப்புக்கும் நடுவில் ஒரே பிளைவுட். அவள் முழங்கையை அதில் சாய்த்துக்கொள்வாள். ஒரே ரெக்கார்டை இருவரும் கேட்போம். பெரிய குற்றத்தை அவள் கை பிடிக்கும். கடுகையும் சோடாவையும் நான் பிடித்துப் பலகையில் தட்டுவேன். அவள் சாக்பீஸை எடுப்பாள். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு நல்ல காது இருந்தது. பெயர் அவளுக்கு, தட்டு எனக்கு.

என் மகன் பிறந்தபோது நான் பிரசவ லீவில் போனேன். அந்தச் சமயத்தில் அவள் ஒற்றை ஆளாக இருந்தாள். கையில் தட்டாததெல்லாம் தடையில்லாமல் வெளியே போனது. கடுகு, சோடா, எல்லாம் வட்டம். பிரஸ் ஷாப்பில் அவளுக்குக் கோயில் கட்டாத குறை. சேவலை மறுபடியும் பிரஸ் போட்டதும் அப்போதுதான். ஷாலினி கண்ணை மூடிக்கொண்டு ரசித்தாளே, வெளிநாட்டில் தேடி வாங்குகிறார்களே, அந்த வெதுவெதுப்பு அப்போது பிறந்தது. என் மகனுக்கும் அதற்கும் ஒரே வயது.

தாமோதரன் சார் ஓய்வு பெறுகிற நாள் வந்தது. அவர் இடத்துக்குப் பம்பாய் மாதுங்காவில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பையன் வந்திருந்தான். படித்தவன், மரியாதையானவன். வந்ததும் முதல் காரியமாக, கேட்கிற ரூமில் இருக்கிற எல்லாருக்கும் மிஷின் வைத்துக் காது பரிசோதனை செய்யப் போவதாகச் சொன்னான். அவன் சொன்னது நியாயம்தான். அதனால்தான் எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ரெஜினாக்காவின் பெரிய பெண்ணுக்கு அப்போதுதான் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சார் அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு தடுப்பாக வந்தார். இவங்க சரோஜா, இவங்க மும்தாஜ். கைகூப்பினார்கள். என்னிடம் வந்தார். "இது கன்னியம்மா. இருக்கிறதை இருக்குன்னு சொல்லும். கொஞ்சம் கஷ்டம்தான், பழகிக்குங்க." பிறகு அடுத்த தடுப்பின் வாசலில் நின்றார்.

ரெஜினாக்கா முதுகைக் காட்டி உட்கார்ந்து உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிளேயர் ஓடவில்லை. ரூமே நிசப்தமாக இருந்தது.

"ரெஜினா" என்று கூப்பிட்டார்.

அவள் திரும்பவில்லை.

"ரெஜினா." அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். வராண்டாவில் போன ஆள் நின்று திரும்பிப் பார்த்தான். அவள் அடுக்கிய உறைகளைத் தட்டி ஓரம் சேர்த்தாள். புதுப் பையன் புருவத்தைச் சுருக்கினான். நான் எழுந்தேன். சார் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார்.

அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

பையன் பக்கம் திரும்பி, எப்போதும் போலத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இவங்க இப்படித்தான். வேலையில உட்கார்ந்துட்டா யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாங்க. அவ்வளவு கவனம். ஏதாவது சொல்லணும்னா முன்னால வந்து நின்னு சொல்லுங்க. காது டெஸ்ட் மத்த மூணு பேருக்கு வச்சுக்குங்க. இவங்க காதுக்குக் கம்பெனியே பரிசு குடுத்திருக்கு, இவங்களைப் போய் டெஸ்ட் பண்ணினா நல்லா இருக்காது."

பையன் மரியாதையாகத் தலையாட்டினான். அவள் முதுகைப் பார்த்துக் கும்பிடுகூடப் போட்டான். எங்கள் மூன்று பேருக்கும் அடுத்த வாரம் டெஸ்ட் நடந்தது. மும்தாஜுக்கு இடது காது சுமார் என்று வந்தது. ரெஜினாக்கா கம்பெனி மூடுகிற வரைக்கும் சிறந்த காதாகவே இருந்து, எல்லாரோடும் சேர்ந்து கணக்கு வாங்கிக்கொண்டு போனாள்.

அன்றைக்குச் சார் வெளியே போய்ச் செருப்பை மாட்டினார். வாசல் வரை எல்லாரும் போனோம். திரும்பி வந்தபோது ரெஜினாக்கா உறைகளை முடித்துவிட்டு எழுந்து, காலியாக இருந்த ரூமைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா கன்னிம்மா, சாரு கெளம்பிட்டாரா?" என்றாள். முகம் வாடிப் போயிருந்தது. "இத்தினி வருசம் அவருகிட்ட வேல பாத்தேன். என்னண்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லாம பூட்டாரே."